தூண்டிலுக்கும் வலைக்கும் பாரம்: ஈயத்தை வீட்டில் உருக்குவதா, கடையில் வாங்குவதா, இரும்புக்கு மாறுவதா?

வாடைக் கடல் அடங்கிச் சோளகம் தொடங்கியதும் திருகோணமலைத் தூண்டில்காரர் எல்லாருக்கும் ஒரே கணக்குத்தான். இந்தப் பருவத்துக்கு எவ்வளவு ஈயக்குண்டு வேண்டும், அதை எங்கே எடுப்பது? கடையில் வாங்கலாம். பழைய ஈயத்தைச் சேர்த்துப் பின்வளவில் உருக்கி வார்க்கலாம். ஈயமே வேண்டாமென்று இரும்புக் கம்பி, நட்டு, சீமெந்து, கல் என்று போகலாம். இந்த மூன்றையும் செய்கிறவர்கள் உப்புவெளியிலிருந்து மூதூர் வரை இருக்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்பாரில், அதாவது கல்லும் முருகையும் நிறைந்த கடலடியில், தூண்டில் விடுகிறவருக்கு இரும்பே போதும். வீச்சுவலைக்கு ஈயம்தான் சரி, ஆனால் அதைக் கடையில் வாங்குங்கள். குழந்தைகள் ஓடித் திரியும் வளவில் ஈயம் உருக்குவது வேண்டவே வேண்டாம். ஏன் என்பதை இனிப் பார்க்கலாம்.

கடலுக்குள் எடை வேறு

"ஈயம்தான் பாரம், மற்றதெல்லாம் மிதக்கும்" என்று பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. தண்ணீருக்குள் போன எந்தப் பொருளும் தான் ஒதுக்கிய தண்ணீரின் எடையளவுக்கு இலேசாகும். ஒரு லீற்றர் கடல்நீர் 1.025 கிலோ. அதே ஒரு லீற்றர் அளவு ஈயம் 11.34 கிலோ, இரும்பு 7.85 கிலோ, கருங்கல் ஏறக்குறைய 2.65 கிலோ, சீமெந்துக் கலவை இறுகினால் 2.3 கிலோ. ஆகவே கரையில் ஒரு கிலோ நிறுத்த ஈயம் கடலுக்குள் 910 கிராம் இழுக்கும். ஒரு கிலோ இரும்பு 870 கிராம் இழுக்கும். கருங்கல் 610, சீமெந்து 550 கிராம்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஈயத்துக்கும் இரும்புக்கும் இடையே உள்ள சின்ன வித்தியாசம். 100 கிராம் ஈயக்குண்டின் வேலையைக் கடலுக்குள் செய்ய 105 கிராம் இரும்பு போதும். ஐந்தே கிராம்தான் கூட. அதே வேலையைச் சீமெந்து செய்ய 164 கிராம் வேண்டும். அதைவிட முக்கியம் பருமன். 100 கிராம் ஈயம் 9 கன சென்ரிமீற்றருக்குள் அடங்கும், அதற்கு ஈடான இரும்பு 13, சீமெந்தோ 71. எட்டு மடங்கு பருத்த பொருளை நீரோட்டம் எப்படித் தள்ளும் என்று யோசியுங்கள். கோணேசர் மலையடியிலும் குடா வாயிலும் கரைக்கு மிக அருகிலேயே ஆழம் விழுகிறது, ஓட்டமும் பிடிக்கும். அங்கே சீமெந்துக் கட்டியைக் கட்டி விட்டால் தங்கூசி (தூண்டில் நரம்பு) சரிந்துபோய் எங்கோ நிற்கும், அடியில் மீன் தொட்டாலும் கைக்குத் தெரியாது. கல்லுக்கும் இதே குறைதான்.

அதனால் சீமெந்தையும் கல்லையும் தூண்டிலுக்கு நான் கணக்கில் எடுப்பதில்லை. ஓரிடத்தில் நிறுத்தி வைக்கும் வலைக்கு, நங்கூரக் கட்டிக்கு, மீன் பிடிக்கும் கூட்டுக்கு அவை நல்லவை. அங்கே பருமன் தொல்லையில்லை, தொலைந்தாலும் நட்டமில்லை. மற்றபடி போட்டி ஈயத்துக்கும் இரும்புக்கும் இடையில்தான்.

கற்பாருக்கு இரும்பு

புறாத்தீவுப் பக்கம் தேசியப் பூங்கா, அங்கே தூண்டில் பேச்சே கிடையாது. அதை விட்டால் நிலாவெளி, சல்லி, சாம்பல்தீவு, கோட்டையைச் சுற்றிய பகுதி என்று கல்லும் முருகையும் நிறைந்த அடி நமக்கு நிறைய உண்டு. விளைமீனும் கலவாயும் அங்கேதான் நிற்கும். பாரமும் அங்கேதான் தொலையும். குண்டு ஒரு பொந்துக்குள் விழுந்து உருண்டு இறுகிவிடும். மேலே இழுத்தால் வராது, போட்டைச் சுற்றிக் கொண்டுபோய் மறுபக்கமிருந்து இழுத்தாலும் வராது. தங்கூசி அறும்போது தூண்டிலும் மீனும் சேர்ந்தே போகும். இப்படித் தொலைவதற்கென்றே காசு கொடுத்து ஈயம் வாங்குவதும், தொலைந்த ஈயம் கடலடியில் கிடப்பதும் எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

கட்டட வேலையில் வெட்டி ஒதுக்கிய கம்பித் துண்டுகள் எந்தப் பழைய இரும்புக் கடையிலும் கிடைக்கும். கணக்கு எளிது. 10 மில்லிமீற்றர் கம்பி ஒரு மீற்றர் 617 கிராம், 12 மில்லிமீற்றர் 888 கிராம், 16 மில்லிமீற்றர் 1.58 கிலோ. 100 கிராம் ஈயத்துக்கு ஈடான 105 கிராம் வேண்டுமென்றால் 12 மில்லிமீற்றர் கம்பியில் 12 சென்ரிமீற்றர் வெட்டுங்கள், 16 மில்லிமீற்றரில் ஆறரை சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக. ஆழத்தில் அரைக்கிலோ தேவைப்படுகிறவர் 16 மில்லிமீற்றரில் ஓரடிக்குச் சற்றுக் கூடுதலாக வெட்டலாம். நீளமான கம்பி பொந்துக்குள் உருண்டு போகாமல் குறுக்கே கிடப்பதும் உண்டு. அது நமக்கு வாய்ப்பான குணம்.

தலையில் நாலு மில்லிமீற்றர் துளை போடச் சொல்லுங்கள், அல்லது வெல்டிங் கடையில் ஒரு சின்ன வளையம் ஒட்டச் சொல்லுங்கள். துளையென்றால் அதன் விளிம்பை இரு பக்கமும் அரத்தால் மழுக்காமல் தங்கூசியை நேரே கட்டாதீர்கள். புதுத் துளையின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், அடியில் இரண்டு தரம் தட்டினாலே தங்கூசி அரைபட்டுவிடும். ஒரு கொளுவி போட்டு அதில் மாட்டுவது இன்னும் நல்லது. கம்பி வெட்டும் வேலைக்கே மனமில்லாதவர் கராஜில் ஒதுக்கிய பெரிய நட்டுகளைக் கேட்டு வாங்கலாம். 20 மில்லிமீற்றர் போல்ற்றின் நட்டு ஒன்று ஏறக்குறைய 60 கிராம் வரும், துளை ஏற்கெனவே அதில் இருக்கிறது.

இரும்பின் குறை துரு. உப்புத்தண்ணீரில் நனைத்துப் பெட்டிக்குள் போட்டால் மறுநாளே செம்மண் நிறம் காட்டும், பெட்டியிலுள்ள தூண்டில்களையும் கெடுக்கும். தனி வாளியில் வையுங்கள், கரைக்கு வந்ததும் நல்லதண்ணீரில் கழுவுங்கள். விரும்பினால் தாரில் ஒருதரம் தோய்த்து எடுக்கலாம். நாலு பயணத்தில் தொலையப் போகிற பொருளுக்கு அதற்கு மேல் மினக்கெடத் தேவையில்லை. தொலைந்தது காலப்போக்கில் துருவாகிக் கரைந்து போகும்.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய ஒன்று உண்டு, பாரம் எந்த உலோகமானாலும் சரி. பாரத்தைப் பிரதான தங்கூசியில் கட்டாதீர்கள். அடியில் ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய தங்கூசித் துண்டு ஒன்றைக் கிளையாக விட்டு, அதில் பாரத்தைக் கட்டுங்கள். பிரதான தங்கூசி 15 கிலோ தாங்கும் என்றால் இந்தத் துண்டு 5 கிலோ தாங்குவதாக இருக்கட்டும். சிக்கினால் பாரம் மட்டும் போகும், மீனும் தூண்டிலும் மிஞ்சும். ஆனால் இது போட்டிலிருந்து கீழே விடும் தூண்டிலுக்கு மட்டும். டச் பே கரையில் நின்று வீசி எறிகிறவர் மெல்லிய துண்டில் பாரத்தைக் கட்டினால், வீச்சின் வேகத்தில் அது அறுந்து பாரம் கல்லெறி போலப் பறக்கும். மாலையில் பிள்ளைகள் விளையாடும் கரையில் அது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. வீசுகிறவருக்கு மணலடி, தொலைவதும் குறைவு. அவர் கடையில் வாங்கிய ஈயத்தைப் பிரதான தங்கூசியிலேயே கட்டி வீசட்டும். பருமன் குறைந்த குண்டு காற்றை வெட்டித் தூரம் போகும். தூண்டிலில் இந்த ஓரிடத்தில் மட்டும் இரும்பு தோற்கிறது.

வலைக்கு

வீச்சுவலையில் இரும்பைப் போட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். வலை விரிந்து விழுந்து அடியைத் தொடும் அந்த இரண்டு மூன்று விநாடியில்தான் மீன் அகப்படுவதும் தப்புவதும். விளிம்பு முழுக்கச் சிறிய, வழுவழுப்பான, கனமான மணிகள் வேண்டும். இரும்பு மணி பருக்கும், கண்ணியில் கொளுவும், துருப் பிடித்தால் நூலை அறுக்கும். ஈயமணிக்கு ஈடு இல்லை. வீச்சுவலையின் ஈயம் எளிதில் தொலைவதுமில்லை. ஒரு தரம் நல்லதாக வாங்கினால் வலை கிழிந்த பிறகும் அடுத்த வலைக்கு மாற்றிக் கட்டலாம். அதனால் இங்கே விலையைப் பார்த்துத் தயங்குவதில் அர்த்தமில்லை. கடையில் வாங்கும்போது எண்ணி வாங்காமல் நிறுத்து வாங்குங்கள், துளை நேராகவும் விளிம்பு கூரில்லாமலும் இருக்கிறதா என்று சில மணிகளைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

வீட்டில் வார்ப்பதன் உண்மையான விலை

ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகிவிடும். மண்ணெண்ணெய் அடுப்பே போதும். இந்த இலகுதான் ஆட்களை இழுக்கிறது. பழைய ஈயம் கிடைத்தால் செலவே இல்லை என்று தோன்றும். செலவு வேறிடத்தில் வரும்.

உருகிய ஈயத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஓர் ஆடை படரும். அதை அகப்பையால் வழித்து ஓரத்தில் தட்டுவார்கள். அது காய்ந்ததும் மாவு போன்ற தூள். ஈயத்தின் நஞ்சு பெரும்பாலும் அந்தத் தூளில்தான் வீட்டுக்குள் வருகிறது. கையில், சாரத்தில், செருப்பில் ஒட்டி வரும். வளவு மண்ணில் விழுந்தால் மழை பெய்தாலும் போகாது, அங்கேயே கிடக்கும். தவழும் பிள்ளை கையை மண்ணில் வைக்கும், பிறகு வாயில் வைக்கும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லையென உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. விழுங்கிய ஈயத்தில் பெரியவர் உடம்பு ஏற்பதைவிட நாலைந்து மடங்கு கூடுதலாகச் சிறு பிள்ளையின் உடம்பு ஏற்கும். அது மூளை வளர்ச்சியைத் தாக்கும், வந்த பாதிப்பு திரும்பாது. வெளியில் காட்டும் அறிகுறியும் ஆரம்பத்தில் இல்லை.

இது பயமுறுத்தும் பேச்சில்லை. செனகல் நாட்டில் டக்கார் நகருக்குப் பக்கத்திலுள்ள தியாரோய் சூர் மேர் என்ற இடத்தில் பழைய வாகன பற்றரிகளிலிருந்து ஈயம் பிரித்த சூழலில், 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்தார்கள். நம்மூரிலும் பழைய பற்றரியை உடைத்து ஈயம் எடுக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து கேளாதீர்கள். பற்றரித் தகட்டில் கந்தக அமிலமும், ஈயத்தோடு கலந்த வேறு உலோகங்களும் இருக்கின்றன. அதைத் திறந்த அடுப்பில் உருக்குவது ஒரு குடும்பத்தின் நலத்தோடு சூதாடுவது.

மேலைநாடுகள் ஈயக்குண்டைத் தடுத்தது வேறு காரணத்துக்காக. பிரித்தானியாவில் 0.06 கிராமிலிருந்து 28.35 கிராம் வரையான ஈயக்குண்டுகளின் விற்பனை 1987 முதல் தடை, சிறிய குண்டுகளை அன்னப்பறவைகள் விழுங்கி இறந்ததால். கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்தவை 1997 முதல் தடை. நாம் பாவிப்பதில் பல அதைவிடப் பெரியவை, பறவை விழுங்காது. நமக்குக் கடலைவிட வளவுதான் முதல் கவலை.

எப்படியும் வார்க்கத்தான் போகிறோம் என்றால்

பல வலைகள் வைத்திருக்கும் குழுவுக்கு வார்ப்பது கட்டுப்படியாகலாம். அப்படியானால் வீடுகளை விட்டு விலகி, காற்று ஓட்டமுள்ள பொது இடத்தில், பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் வராத இடத்தில், ஒரே நாளில் முடியுங்கள். காற்று முதுகிலிருந்து வீசும்படி நில்லுங்கள். முழுச் சப்பாத்து, நீளக் காற்சட்டை, தோல் கையுறை, கண்ணாடி. வாயில் கட்டும் துணியும் சாதாரண முகக்கவசமும் ஈயப் புகைக்குப் போதாது. வேலை முடிந்து சவர்க்காரம் போட்டுக் கை கழுவும் வரை வெற்றிலை, பீடி, தேநீர் எதுவும் வேண்டாம்.

இனி அச்சு. மண்ணில் குழி தோண்டி ஊற்றுவது மிக மலிவு, மிக மோசம். மண்ணில் ஈரம் இருந்தே தீரும். ஒரு சொட்டுத் தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும், மேலே இருக்கும் ஈயத்தை முகத்துக்கு எறியும். பிளாஸ்ரர் ஒஃப் பரிஸ் அச்சு வீட்டில் செய்ய எளிது, வடிவமும் அழகாக வரும். ஆனால் நம் கடற்காற்றில் அது காயவே காயாது, காய்ந்தது போல் தோன்றினாலும் உள்ளே ஈரம் நிற்கும். மலிவான அலுமினிய அச்சு, இரண்டு பாதியும் கீலில் மூடுவது, மூன்றிலும் அதுவே தேவலை. ஒரே தரம் ஊற்றினால் நாலைந்து குண்டு விழும் வகை வேலையை விரைவாக்கும், அதே அளவுக்குக் கோளாறும் கூடும். முதல் தரம் வார்க்கிறவர் ஒற்றைக் குழி அச்சில் கைப்பழக்கம் பெறுவது நல்லது.

மலிவான அச்சில் வரும் கோளாறுகளில் பாதிக்கும் மேல் சூட்டுக் குறைவுதான். குண்டின் தோல் கிழவர் கன்னம் போலச் சுருங்கியிருந்தால் அச்சு குளிர்ந்திருக்கிறது. அடுப்பு ஓரத்தில் வைத்துச் சூடாக்குங்கள், முதல் சில குண்டுகளை மறுபடி உருக்கவென்றே ஒதுக்குங்கள். ஓரம் நிரம்பாமல் பாதியாக வந்தாலும் அதே காரணம், அல்லது தயங்கித் தயங்கி ஊற்றியிருப்பீர்கள். ஊற்றுவதை ஒரே ஓட்டமாக முடிக்க வேண்டும். மாறாக, ஈயத்தின் மேல் நீலமும் ஊதாவும் கலந்த பளபளப்பு ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது, உடனே அடுப்பைக் குறையுங்கள், புகை கூடுவது அப்போதுதான்.

குண்டின் தலையில் பள்ளம் விழுவது ஈயம் இறுகும்போது சுருங்குவதால். ஊற்றும் வாயில் கொஞ்சம் மேலதிகமாக நிற்க விட்டால் சுருங்கும்போது அது இறங்கி நிரப்பும், பிறகு வெட்டிவிடலாம். இரண்டு பாதிக்கும் இடையில் தகடு போல ஈயம் பிதுங்கினால் கீல் தளர்ந்திருக்கும், அல்லது முகத்தில் பழைய ஈயத் துணுக்கு ஒட்டியிருக்கும். மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், கீறலாக வெளிச்சம் தெரியும் இடத்தில்தான் கோளாறு. குண்டு அச்சை விட்டு வர மறுத்தால் எண்ணெய் பூசாதீர்கள். விளக்குச் சுடரில் காட்டிக் கரி பிடிக்க வைத்தால் போதும்.

ரயர் கடையில் கிடைக்கும் சில்லுப் பாரங்களை (வாகனச் சில்லைச் சமப்படுத்தப் பொருத்தும் சிறு பாரங்கள்) சேர்க்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இப்போது வருவதில் பல ஈயமில்லை, நாகமும் (துத்தநாகம்) இரும்பும். இரும்பு மேலே மிதக்கும், வழித்து எடுத்துவிடலாம். நாகம் 419 பாகையில்தான் உருகும். அடுப்பு மிகச் சூடானால் அதுவும் கலந்து, ஈயம் கஞ்சி போலக் கட்டிபட்டு அச்சுக்குள் இறங்காது. குறட்டால் கடித்துப் பாருங்கள். ஈயத்தில் வெட்டு எளிதாக இறங்கும், நாகத்தில் வழுக்கும்.

கடைசியாக, இந்த வேலையில் நான் மிகவும் பயப்படும் ஒன்று. கடலில் பாவித்த பழைய குண்டுகளின் துளைக்குள் மணலும் உப்புத்தண்ணீரும் அடைத்திருக்கும். வெளியே வெயிலில் காய்ந்து வெள்ளையாகத் தெரியும், உள்ளே ஈரம் நிற்கும். உப்பு காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். இப்படியான ஒன்றை உருகிய ஈயத்துக்குள் போட்டால் சட்டியே வெடித்தது போலத் தெறிக்கும். பழைய குண்டுகளைக் கழுவி, துளையைக் கம்பியால் குத்தி, குளிர்ந்த சட்டியில் போட்டு, அடுப்பை அதன் பிறகு பற்ற வையுங்கள். உருகத் தொடங்கிய சட்டிக்குள் புதிதாக எதையும் போடவேண்டாம்.

எதை எடுப்பது என்று இன்னும் யோசிக்கிறவர் தன் பெட்டியைத் திறந்து, போன பருவத்தில் தொலைந்தவை எந்த அடியில் தொலைந்தன என்று பார்க்கட்டும். பெரும்பாலும் கல்லில் என்றால் கம்பி வெட்டக் கொடுங்கள். கையிலிருக்கும் ஈயத்தை மணலடிக்கும் வலைக்கும் ஒதுக்குங்கள். மூடியுள்ள தகரத்தில் போட்டு, குசினிக்குள் இல்லாமல் வெளியே உயரத்தில் வையுங்கள். சின்ன ஈயமணியைத் தங்கூசியில் இறுக்கப் பல்லால் கடிக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு குறட்டுக்கு மாறுங்கள். முன்பு ஈயம் உருக்கிய சட்டி வீட்டில் எங்காவது கிடந்தால் அதில் சமைக்க யாரும் எடுக்காதபடி அடியில் ஒரு துளை போட்டுவிடுங்கள்.